இரண்டு பெஞ்சும் ஒரு கோப்பும்

என் மேசை இழுப்பறையில் ஒரு காலர் இருக்கிறது. சட்டை கிடையாது, காலர் மட்டும். வெள்ளைத் துணி இப்போது பழுப்பேறிவிட்டது. இடது முனை வலது முனையைவிட அரை விரல் தாழ்ந்து நிற்கும். அலுவலகத்தில் யாராவது பேனா தேடி இழுப்பறையைத் திறந்தால் இது என்ன என்று கேட்பார்கள். என் அத்தை தைத்தது, பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள் என்பேன். அதற்கு மேல் சொன்னதில்லை. சொல்லப் போனால் சி மொழியில் ஒரு கோப்பை எப்படித் திறப்பது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதைக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

அத்தை என் அப்பாவின் தங்கை. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவள், குழந்தை இல்லை. ஒக்கலிபுரத்தில் எங்களோடுதான் இருந்தாள். கார்மென்ட்ஸில் வேலை கிடைத்ததும் பொம்மனஹள்ளியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு தனியே போய்விட்டாள். அப்பா கோபித்துக்கொண்டபோது, "அண்ணி கையால சாப்பிட்டது போதும்ண்ணா, என் சமையல் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு" என்றாளாம். சட்டையில் மற்ற இடங்களில் கோணல் இருந்தால் இஸ்திரி மறைத்துவிடும், காலரில் மறைக்க முடியாது, அதனால் காலர் மெஷினை எல்லோருக்கும் கொடுக்கமாட்டார்கள் என்பாள். பண்டிகை நாளில் வீட்டுக்கு வந்தால் முதலில் என் சட்டைக் காலரைத்தான் இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பாள். பிறகுதான் நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்பாள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பிறவியிலேயே பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், பூட்டினேனா என்ற சந்தேகத்தில் திரும்பி வருகிறவன். ஒருமுறை அப்படித் திரும்பி வந்து, பூட்டைத் திறந்து பார்த்து, ஆமாம் பூட்டித்தான் இருந்தது என்று நிம்மதியாகி, அப்படியே திறந்துபோட்டுவிட்டுப் போய்விட்டேன். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அடுகோடியில், லேத் பட்டறை ஒன்றுக்கு மேலே இருந்த சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளியையும் சேர்த்து நான்கு பேர். கீழே லேத் ஓடும்போது மேலே மேசை அதிரும். அங்கே எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, கண்டோன்மென்ட் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்கு ஒரு நிரல் எழுதுவது. கருவிழி மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் அது. இறந்தவர் யாராவது கண் தானம் செய்தால்தான் அறுவை நடக்கும். கண் வந்ததும் ஓரிரு நாளுக்குள் வைத்தாக வேண்டும், அதனால் பட்டியலில் முதலில் இருப்பவரை உடனே கூப்பிட வேண்டும். மாதத்துக்கு மூன்று கண் கிடைத்தால் அதிகம். யாருக்கு எத்தனையாவது இடம் என்று சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. சொன்னால் தினம் வந்து நிற்பார்கள் என்று மறைத்தே வைத்திருந்தார்கள். ஆக, வரிசை என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

நான் அங்கே போய்வந்துகொண்டிருந்த காலத்தில்தான் அத்தையின் கண் மோசமானது. ஒரு கண்ணில் சின்ன வயதிலிருந்தே பார்வை குறைவு. நல்ல கண்ணில் கிருமி வந்து ஆறி, கருவிழியில் வெள்ளை படிந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு மழைக்கால சனிக்கிழமை முகாம் வைத்தபோது அத்தையை அழைத்துப் போனேன். அன்று மட்டும் இருபத்தாறு பேர் பட்டியலில் சேர்ந்தார்கள். நடையில் இரண்டு நீள பெஞ்சுகள். ஜன்னலோரம் ஒன்று, சுவரோரம் ஒன்று, ஒவ்வொன்றிலும் பதின்மூன்று பேர். அத்தை ஜன்னலோரப் பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தாள். ஒரு நர்ஸம்மா பெஞ்சு பெஞ்சாகக் கூப்பிட்டுப் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கென்று பிரிண்டர் கெட்டுப்போய், நான் பாதி நேரம் மேசைக்கு அடியில் வயரோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். அது அன்றும் சரியாகவில்லை, பிறகும் சரியாகவில்லை. முதலாளி அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு முன்பு அத்தை கடைசியாகத் தைத்துக் காட்டியதுதான் இந்தக் காலர். சூப்பர்வைசர் கன்னடக்காரர், நல்ல மனிதர். காலரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணு ரெடி பண்ணிட்டு வாம்மா. யுகாதி வரைக்கும் மெஷின் உன்னுது. அதுக்கு மேல நன் கையில இல்ல" என்றாராம். அதன் பிறகு அத்தைக்கு ஒரே கணக்குதான், யுகாதிக்கு முன் கூப்பிடுவார்களா. நான் போகும்போதெல்லாம் "எவ்ளோ பேரு இருக்காங்கடா எனக்கு முன்னாடி" என்பாள். சொல்லக்கூடாது என்பது விதி. "கிட்ட வந்துட்ட" என்று மட்டும் சொல்வேன். பொங்கலுக்குப் பிறகு முகாமுக்கு முந்தையவர்கள் நான்கே பேர்தான் மிச்சம். பட்டியலைத் திறந்து பார்ப்பதும் விதிமீறல் என்று பயந்து, பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்ததை வைத்தே அத்தை ஏழாவது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். யுகாதிக்கு முன்னால் கண்டிப்பாக நடந்துவிடும்.

இங்கேதான் கோப்பு வருகிறது. சி மொழியில் ஒரு கோப்பைத் திறந்தால், அந்த மொழியின் நூலகம் அதை ஓர் ஓடைபோல உங்கள் கையில் கொடுக்கும். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், அல்லது போகும். ஆனால் எதற்காகத் திறக்கிறோம் என்பதைத் திறக்கும்போதே ஓர் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். படிக்க மட்டும் என்றால் ஆர். இருப்பதற்குக் கீழே சேர்க்க என்றால் ஏ. எழுத என்றால் டபிள்யூ. இந்த மூன்றாவதில்தான் ஆபத்து. எழுதப் போகிறேன் என்று சொன்ன மாத்திரத்தில் பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு வெறும் பலகையைக் கொடுக்கும். நீங்கள் ஒரு புள்ளிகூட வைக்காமல் மூடிவிட்டாலும் போனது போனதுதான்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்திருந்தும் செய்தேன். ஒரு நாள் அந்தக் கோப்பு எப்படியோ எழுத முடியாதபடி பூட்டிக்கொண்டு, புதிதாகத் தட்டிய ஒரு பெயர் பதிவாகவில்லை. என் நிரல் அதைக் கவனிக்கவும் இல்லை. கண் பிரிவுக்குப் பொறுப்பான சிஸ்டர் போனில் பிடித்துக்கொண்டார். அவர் முகாம் முடிந்து வந்து சேர்ந்தவர். முகாம் நாளில் தட்டிய நர்ஸம்மா வளைகுடாப் பக்கம் வேலைக்குப் போய்விட்டிருந்தார். "கம்ப்யூட்டர் தம்பி, ஒரு பேரு விட்டுப்போனா ஒரு கண்ணு போன மாதிரி, தெரியுமா?" என்றார். அன்றே உட்கார்ந்து ஒரு பாதுகாப்பு சேர்த்தேன். நிரல் தொடங்கியதுமே கோப்பை டபிள்யூ போட்டு எழுதத் திறந்து பார்க்கும். திறக்க முடியவில்லை என்றால் எச்சரிக்கும். முடிந்தால் மூடிவிட்டு வேலையைத் தொடரும். பூட்டிய கோப்பை வைத்து ஏழெட்டு முறை சோதித்தேன், ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வந்தது. பூட்டாத கோப்பை வைத்தும் சோதித்தேன், எச்சரிக்கை வரவில்லை. திருப்தியாக எழுந்துவிட்டேன். உள்ளே ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. எதற்குப் பயந்தேனோ அதை மட்டும்தான் சோதித்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போய், சிஸ்டர் பக்கத்தில் நிற்க, புது நிரலை ஓட்டினேன். திரையில் மொத்தம் பூஜ்யம் என்று வந்தது. சிஸ்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் நம்ப முடியவில்லை. வெளியே வந்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று நிரலை மூடினேன். அந்த நொடியில் ஃபிளாப்பி கரகரத்தது. நிரலை மூடும்போதெல்லாம் பட்டியலை ஃபிளாப்பியில் நகல் எடுக்கும்படி முன்பே செய்துவைத்திருந்தேன், அதுவும் என் பயம் செய்த ஏற்பாடுதான். வெறும் கோப்பு நல்ல நகலின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, நான் ஒரே காலையில் இரண்டு குரங்கு பிடித்திருந்தேன்.

முதலாளிக்குப் போன் செய்தேன். "கரண்ட் போச்சுன்னு சொல்லிடு. பெங்களூர்ல யாரு நம்பமாட்டாங்க?" என்றார். சொன்னேன். சிஸ்டர் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, வேலையைப் பாப்போம்" என்றார்.

முக்கால்வாசி திரும்பக் கிடைத்துவிட்டது. பிரிண்டர் கெடுவதற்கு முன் எடுத்த தாளில் முகாமுக்கு முந்தைய நான்கு பேரும் வரிசையாக இருந்தார்கள். மற்றவர்களுக்குக் கேஸ் ஷீட்டில் பதிவுசெய்த தேதி இருந்தது. மூன்று நாள் ரெக்கார்டு அறையில் தும்மிக்கொண்டே அவற்றைத் தேடி எடுத்தோம். ஆனால் முகாம் நாளுக்குத் தேதி என்ன பிரயோஜனம்? இருபத்தாறு பேருக்கும் ஒரே தேதி. சிஸ்டர் யோசித்து, அவர்கள் அத்தனை பேருக்கும் கார்டு போட்டு, ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார். "டாக்டர் கிட்ட போனா கடைசி யாருன்னு கேட்டுட்டுத்தானே உக்காருவோம். எல்லாரும் அவங்கவங்களுக்கு முன்னாடி யாருன்னு சொல்லட்டும்" என்றார்.

அப்படித்தான் நடந்தது. பார்வை மங்கியவர்கள், கண்ணில் துணி கட்டியவர்கள், பிள்ளைகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், எல்லோரும் அரைமணி நேரத்தில் தாங்களாகவே உட்கார்ந்துவிட்டார்கள். "எனக்கு முன்னாடி ஒரு பாய் இருந்தாரு, அத்தர் வாசனை வரும்" என்றார் ஒருவர். பாய் இரண்டு பேர் தள்ளியிருந்து குரல் கொடுத்தார். பெஞ்சுக்குள்ளே ஒரு சச்சரவும் இல்லை. சச்சரவு எந்தப் பெஞ்சை முதலில் கூப்பிட்டார்கள் என்பதில்தான். நாங்கள்தான் என்றது ஜன்னலோரம். யார் சொன்னது, நாங்கள்தான் என்றது சுவரோரம். சுவரோரத்தில் ஒரு ரிட்டையர்டு போஸ்ட்மேன், கணீரென்ற குரல். அவர் எழுந்து நின்று சொன்னதும் அந்தப் பதின்மூன்று பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். துணைக்கு வந்தவர்கள் தத்தம் பெஞ்சின் பக்கம் பேசினார்கள்.

ஜன்னலோரம் முதல் என்றால் அத்தை ஏழாவது. சுவரோரம் முதல் என்றால் அத்தை இருபதாவது. ஏழு என்றால் மெஷின் உண்டு, இருபது என்றால் இல்லை. சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீ அன்னைக்கு இங்கதானே இருந்த தம்பி. அத்தைக்காகப் பொய் சொல்ற ஆளு இல்ல நீ. எந்த பெஞ்சு முதல்ல?"

பொய் சொல்கிற ஆள் இல்லை என்று அவர் சொன்னதும் அந்தச் சுழலும் ஃபேன் நினைவுக்கு வந்தது. ஒரு நிமிஷம் டைம் கேட்டு, அத்தையிடம் போய்க் குனிந்தேன். "உனக்கு ஞாபகம் இருக்கா அத்தை?" என்று காதோரம் கேட்டேன்.

அத்தை அவசரப்படவே இல்லை. "நம்ம பெஞ்சுதாண்டா முதல்ல. நான் பேரு சொல்லும்போது பன்னெண்டு மணிச் சங்கு ஊதுச்சு. நர்ஸம்மாவுக்குக் காதுல விழல. மறுபடி சொல்லுன்னாங்க, சொன்னேன்."

பக்கத்துத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதுவார்கள், அது உண்மை. ஆனால் முகாம் நாளில் நான் அதைக் கேட்டேனா? மேசைக்கு அடியில் இருந்தேன். எனக்கு நினைவில் இருந்ததெல்லாம் எழுந்து பார்த்தபோது சுவரோரப் பெஞ்சு காலியாக இருந்தது என்ற ஒரு காட்சி. அது எப்போது, முகாமின் நடுவிலா முடிவிலா, தெரியவில்லை. ஜன்னலோரம் என்று சொன்னால் போஸ்ட்மேன் என்ன சொல்வார்? அத்தைக்கு வேண்டியவன், கம்ப்யூட்டரை அழித்தவனும் இவனே, இப்போது வரிசையையும் மாற்றுகிறான் என்று யாராவது சொன்னால்? கரண்ட் கதையைத் தோண்ட ஆரம்பித்தால்? அத்தைக்குப் பார்வையே இல்லையே, அவள் சொல்வதை எப்படிச் சாட்சியாக வைப்பது? சந்தேகம் வந்தால் நம்மவர்களைப் பின்னால் தள்ளுவதுதான் நியாயம் என்று எனக்கு நானே ஒரு விதி செய்துகொண்டேன். அந்த விதி எவ்வளவு சௌகரியமாக என்னைக் காப்பாற்றுகிறது என்பதைப் பார்க்கவில்லை.

"சுவரோரப் பெஞ்சுதான் சிஸ்டர்" என்றேன்.

ஜன்னலோரத்தில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. சொந்த அத்தையை வைத்துக்கொண்டே இவன் இப்படிச் சொல்கிறான் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். சிஸ்டர் எழுதிக்கொண்டார். அத்தை என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு மடியில் இருந்த பையின் காதைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் திரும்பி, பொம்மனஹள்ளியில் இறங்கும்போது, "படி இருக்கு, பாத்து" என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

யுகாதி வந்தது, போனது. அன்று வேப்பம்பூவும் வெல்லமும் எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். மறுவாரம் அவள் மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. அந்த மாதங்களில் எனக்கு உறக்கம் சரியில்லை, சாப்பாடு சரியில்லை. போன் அடித்தால் சிஸ்டரோ என்று எழுந்து ஓடுவேன். ஒரு கண் வந்தது என்று கேட்டால் யாரோ இறந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு போய், இன்னும் எத்தனை பேர் என்ற கணக்கே முதலில் வரும். அப்படி எண்ணியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஆடி மழையில் ஒரு நாள் கூப்பிட்டார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. கட்டுப் பிரித்ததும் அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை, காலரைப் பார்த்தாள். "கடையில வாங்கினியா, மட்டமா இருக்கு" என்றாள். கண்ணாடி போட்டு நன்றாகவே தெரிந்தது. ஆனால் காலர் வேலை பிறகு கிடைக்கவில்லை. வேறொரு கம்பெனியில், தைத்து முடிந்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டும் வேலைக்குப் போனாள். நின்றுகொண்டே செய்ய வேண்டிய வேலை, பெரும்பாலும் புதிதாக வந்த பெண்களுக்குக் கொடுப்பது.

உண்மை எனக்கு அந்த ஆண்டுக் கடைசியில் தெரிந்தது. அத்தையைப் பரிசோதனைக்கு அழைத்துப் போன அன்று, சுவரோரப் பெஞ்சில் இருந்த ஓர் அம்மாளும் வந்திருந்தார். வெகுளி. முகாம் நாளைப் பற்றி அவராகவே பேச ஆரம்பித்தார். "என்னா பசி அன்னைக்கு. எங்க பெஞ்சைக் கூப்பிடறதுக்குள்ள நர்ஸம்மா ஊட்டாவுக்குப் போய்ட்டாங்க. சாப்பிட்டு வந்து, கைய முந்தானையில துடைச்சிக்கிட்டே எங்க பேரைத் தட்டினாங்க" என்றார். அவரிடம் எந்தக் கபடமும் இல்லை. எந்தப் பெஞ்சு முதல் என்று சண்டை நடந்த சனிக்கிழமையில் போஸ்ட்மேன் பேசியதற்கு அவரும் ஆமாம் போட்டவர்தான். அதை இதோடு சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போது அத்தை பெயர் சொன்னாள். இவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு. அத்தை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், எல்லாம் கேட்டாள். அத்தையின் முன்னால் மட்டுமா குற்றவாளி? ஜன்னலோரத்தில் இன்னும் பன்னிரண்டு பேர் இருந்தார்களே, அவர்களும் எதற்கோ நாள் எண்ணிக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்?

உடனே ஒப்புக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. ஐந்தாறு வருடம் கழித்து, நான் வேறு பெரிய கம்பெனிக்குப் போய்விட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் போகவில்லை, நான்தான் அழித்தேன் என்றேன். எழுதத் திறந்தால் அழியும் என்பதையும் விளக்கினேன். அத்தை பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அழிஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லலடா. கை தவறாத ஆளு யாரு? நானும் எத்தனையோ துணியைக் கெடுத்திருக்கேன். ஆனா நீ வந்து என்னைக் கேட்டியே. கேக்காமலே சொல்லியிருந்தா பரவால்ல. கேட்டுட்டு நம்பலியே."

மன்னித்துவிடு என்றேனா, நினைவில்லை. அவள் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து இந்தக் காலரை எடுத்து வந்தாள். கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு முனையையும் விரலால் தடவினாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் தடவிப் பாத்தேன். கோணல்னு கைக்குத் தெரிஞ்சுது. கண்ணே இல்ல, கைக்கு என்ன தெரியப்போவுதுன்னு நானே நம்பாம சூப்பர்வைசர் கிட்ட நீட்டிட்டேன். பிரிச்சுத் தைக்க நேரம் இருந்துச்சு" என்றாள். பிறகு அதை என் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "வெச்சுக்கோ" என்று கொடுத்தாள்.

அத்தை இப்போது இல்லை. அவள் கண்கள் இரண்டையும் அதே ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தோம், அவளே எழுதிவைத்திருந்தாள். நான் இன்றும் நிரல் எழுதுகிறேன். கோப்பைத் திறக்கும் இடம் வந்தால் இன்றும் மூன்று முறை சரிபார்ப்பேன். அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் யாரையாவது ஒன்று கேட்டுவிட்டால், அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதி, முதலில் அதன்படி செய்துபார்க்கிறேன். தாளை இழுப்பறையில் காலருக்குப் பக்கத்தில் வைப்பேன். இதை எழுதும் முன் கண்ணை மூடிக்கொண்டு காலரைத் தடவிப் பார்த்தேன், இடது முனை தாழ்ந்திருப்பது விரலுக்கு நன்றாகவே தெரிகிறது.